நாலாவது குஞ்சு பெட்டைதானா?

நாட்டுக்கோழிக் குஞ்சு விற்பவளிடம் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பெட்டையா, சேவலா? ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் எட்டு வருஷம் உட்கார்ந்து இடுப்பு போன பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஒன்றரை மாதக் குஞ்சைக் கையில் எடுத்துக் கொண்டை பார்ப்பேன், கால் பார்ப்பேன், இறக்கை பார்ப்பேன், கடைசியில் ஆண்டவனைப் பார்ப்பேன். என்னைப் போலவே குஞ்சை உற்றுப் பார்த்துக் கண் பூத்துப்போனவர்களுக்கு இது புரியும்.

அலாரம்

ஆலங்காயத்து லாரி டிரைவர் ஒருவருக்கு, "ரெண்டும் பொட்ட, நம்பி எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்தேன். கொண்டை வெளிறிச் சின்னதாக இருந்தது, எனக்குச் சந்தேகமே வரவில்லை. நாலு மாதம் கழித்து அதில் ஒன்றைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல மனுஷன், சண்டை போடவில்லை. மாற்றிக் கொடுத்தேன்.

"முட்டைக்குத்தான் வாங்கினேன்க்கா. இது டெய்லி நாலு மணிக்கு அலாரம் வைக்குது."

ஓனர் போட்ட கண்டிஷன்

ஸ்டெல்லா என்னோடு கம்பெனியில் வேலை பார்த்தவள். கரீம் பாய் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். கம்பெனிக்கு நடந்தே போகலாம், எதிரிலேயே மகளுக்குப் பள்ளிக்கூடம். அப்படி இன்னொரு வீடு அவளுக்குக் கிடைக்காது. மொட்டை மாடியில் கோழி வளர்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறாள். வளர்த்துக்கோ, ஆனால் விடிகாலையில் சேவல் சத்தம் கேட்டால் எனக்கு பிரஷர் ஏறும், ஒரு தடவை கூவினாலும் காலி பண்ணிடணும் என்றாராம் பாய்.

நாலு பெட்டை பொறுக்கி எடுக்கக் கூடையில் இருந்த குஞ்சையெல்லாம் மூன்று தடவை புரட்டிப் பார்த்தேன்.

"உன் வாய நம்பித்தான்க்கா அந்த வீட்ல இருக்கேன்."

கால் கனம்

ஒரு மாதத்தில் நாலாவது குஞ்சு மட்டும் சேவல் மாதிரி கால் பருத்து, மற்ற மூன்றையும் கொத்தி விரட்ட ஆரம்பித்தது. மாற்றித் தருகிறேன் என்று போனால் ஸ்டெல்லாவின் மகள் அதைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அந்த நேரம் பார்த்து கரீம் பாய் மேலே வந்தார். தோல் மண்டியில் கனம் பார்த்துத் தரம் பிரித்து ரிட்டயர் ஆனவர். தோல் கனம் பார்க்கிற கருவியைக் கொண்டுவந்து நாலு குஞ்சின் காலையும் அளந்தார். மூன்று ஒரே அளவு, நாலாவது ஜாஸ்தி. "சண்டைக்கோழி ஜாதிக் கலப்பு பாய், அதான் கால் கனமா இருக்கு" என்றேன்.

"நாப்பது வருஷம் தோல் பாத்த கை இது. சேவல்தான். கூவட்டும், அப்புறம் பேசலாம்."

கத்திவிட்டது

மாதங்கள் போயின, கூவவில்லை. சேவலுக்குக் கழுத்து இறகு முனை கூராக இருக்கும், இதற்கு உருண்டையாக இருந்ததால் பெட்டைதான் என்று எனக்கு முக்கால்வாசி நம்பிக்கை. மீதிக் கால்வாசிதான் தூங்கவிடவில்லை. ஸ்டெல்லா போன் செய்தாலே, கூவிடுச்சா என்றுதான் முதலில் கேட்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அழுதுகொண்டே கூப்பிட்டாள். "அக்கா, கத்திடுச்சு. பாய் மேல வர்றாரு." வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாடியில் பாய் இடுப்பில் கை வைத்து நின்றார். எதிரே நாலாவது, தெருவே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. கேட்டதுமே எனக்கு உயிர் வந்தது. "பாய், இது கூவல் இல்ல, கொக்கரிப்பு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். சின்னதாக ஒரு முட்டை, இன்னும் சூடு ஆறவில்லை. பாய் கையில் வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லா அழுகையோடு சிரித்தாள். பாய் முட்டையை உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"தோல்ல ஒரு நாளும் தப்பு பண்ணதில்லம்மா. உசுரோட இருக்கிறதுல கை பழகல."

இப்போது யார் வந்து குஞ்சு கேட்டாலும், வீடு சொந்தமா வாடகையா என்று கேட்ட பிறகுதான் கூடையையே திறக்கிறேன்.