அப்பாவுக்காக நான் சொன்ன பொய்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். அந்தப் பெருமைதான் அன்று என்னைப் பொய் சொல்ல வைத்தது.

நிமோனியா வந்த அப்பாவை எங்கள் ஊர் ராமாபுரத்திலிருந்து மைசூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்திருந்தேன். அவர் புகைப்பாரா என்று டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். பீடி குடிப்பவரின் மகள் என்று காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு, "நோ டாக்டர்" என்றேன்.

"என்ன கண்ணு கேட்டாரு?"

"ஒண்ணுமில்லப்பா."

இரண்டே மாதத்தில் அப்பாவுக்கு மறுபடி நிமோனியா. நாங்கள் தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்ட அதே டாக்டர், இந்த முறை தமிழிலேயே அப்பாவிடம் கேட்டார்.

"பெரியவரே, பீடி உண்டா?"

"தினம் ஒரு கட்டுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "மூச்சுக்குழாய்ல அழுக்கைத் தள்ற சின்னச் சின்ன முடி இருக்கும்மா. பீடிப்புகை அதை முடக்கிடும். கிருமியைத் தின்கிற செல்லும் சோர்ந்துடும். அதான் திரும்பத் திரும்ப வருது. போன தடவையே தெரிஞ்சிருந்தா அன்னிக்கே நிறுத்தச் சொல்லியிருப்பேன். நீங்க இல்லைன்னீங்களே?"

அப்பா ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார்.

"புள்ளைக்குத் தெரியாதுங்க. ஒளிச்சு ஒளிச்சுத்தான் குடிச்சேனுங்க."

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தினமும் அந்தப் பீடிக்கட்டை வாங்கி வந்து கொடுத்தவளே நான்தான். அதைச் சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. அப்பா பீடியை அன்றோடு விட்டுவிட்டார். அந்தப் பொய்யைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.