மாப்பிள்ளை இலையில் பன்னிரண்டு ஈரல்

தங்கைக்குக் கல்யாணமான பின் மாப்பிள்ளை முதன்முதலாக எங்கள் தேனி வீட்டுக்கு விருந்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை அது. அவர் பண்ணைப்புரத்துக்காரர், வீட்டில் கோழி வளர்ப்பவர். "அண்ணே, பிராய்லர வாங்கிராத. வாயில வச்சதுமே அவுக கண்டுபிடிச்சிருவாக," என்று தங்கை காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள். கல்யாணப் பந்தி சரியில்லை என்று அங்கே ஏற்கெனவே பேச்சு. இதிலும் சொதப்பினால் அவள்தான் பேச்சு வாங்க வேண்டும். நானோ கறிக்கடையில் நாட்டுக்கோழிக்குச் சொல்லிவைக்க மறந்திருந்தேன்.

புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடினேன். அடேயப்பா, கோழியில் இத்தனையா! வெள்ளை வெளேரென்று கொழுத்திருந்தது பிராய்லர். முட்டையிட்டு ஓய்ந்த லேயர் ஒல்லியாகக் கிடந்தது. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் வேகாதாம். நாட்டுக்கோழி மாதிரியே ஏமாற்றும் கலப்பினம் வேறு. எலும்பில்லாத நெஞ்சுக்கறி தனி, தொடை தனி, தோலோடு தனி, உரித்தது தனி. விற்பனைப் பெண்ணைக் கேள்வி கேட்டே துளைத்துவிட்டேன். கடைசியில் கிடைத்தது, மஞ்சள் தடவித் தோலோடு வாட்டிய அசல் நாட்டுக்கோழி. நீளமான கால், ஒடுங்கிய நெஞ்சு. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அம்மா கோழியைப் புரட்டிப் பார்த்தாள். "ஏலே, ஈரலு எங்க?"

எங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்குக் கோழி அடித்தால் ஈரல் அவர் இலைக்குத்தான். சுத்தம் செய்து விற்கும் கோழியில் அது வராது என்று நான் எங்கே கண்டேன்? மறுபடி ஓடினேன். ஈரலை மட்டும் தட்டில் அடைத்து வைத்திருந்தார்கள். அரைக் கிலோவை அள்ளிவந்தேன். அம்மா பதற்றத்தில் மொத்தத்தையும் மிளகு போட்டு வறுத்து அவர் இலையில் குவித்துவிட்டாள்.

மாப்பிள்ளை குழம்பைச் சுவைத்து, "நாட்டுக்கோழிதான்," என்றார். எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது. பிறகு ஈரலைக் கிளறினார். அவர் எண்ணுகிறார் என்று தெரிந்ததும், பக்கத்து இலையில் இருந்த தங்கை முகம் வெளுத்தது.

"மச்சான், ஒரு கோழிதான அடிச்சீக?"

"ஆமா மாப்ள."

"அதுக்குப் பன்னெண்டு ஈரலா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எல்லாம் சூப்பர் மார்க்கெட்ல வாங்குனது மாப்ள," என்றேன்.

அவர் பாதி ஈரலை அள்ளித் தங்கை இலையில் வைத்தார். "எங்க வீட்ல இருக்கிற ஒரு ஈரலுக்கு நானும் எங்கப்பாவும் அடிச்சுக்குவோம் மச்சான். இவளுக்கு இதுவரைக்கும் கண்ணுலகூடக் காட்டுனதில்ல."

தங்கை கொஞ்சமும் வெட்கப்படாமல் அத்தனையையும் தின்று முடித்தாள்.