அம்மா திருப்பித் தராத கப்பல் தட்டுகள்

ஆக்லாந்தில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வயதான தம்பதி இருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த அம்மா, வந்த வாரமே அவர்களுக்கு ஒரு தட்டு நிறையப் பருப்பு வடை கொடுத்தனுப்பினார். மறுநாள் காலை தட்டு எங்கள் வாசலில் இருந்தது. பளபளவென்று கழுவித் துடைத்து, பூப்போட்ட காகிதத் துணி சுற்றி, வெறுமனே. அம்மா அதை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். காகிதத்தையும் உதறிப் பார்த்தார்.

"அவுகளுக்கும் நமக்கும் என்னப்பா பிரச்சினை?"

"ஒண்ணுமில்லம்மா. வடை ரொம்பப் பிடிச்சிருந்துச்சாம்."

"பிடிச்சிருந்தா எதுக்கு வெறுந்தட்டத் திருப்பி விடுறாக?"

திண்டுக்கல்லில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மேட்டுப்பட்டியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பாத்திரம் வெறுமனே திரும்பினால் அந்த வீட்டோடு பேச்சு முறிந்தது என்று பொருள். எதிர்வீட்டு ஜைத்தூன் அத்தை நோன்புக் கஞ்சி அனுப்பிய தூக்குவாளியில் அம்மா வாழைப்பழம் போட்டு அனுப்புவார். அது கொழுக்கட்டையோடு திரும்பி வரும், அச்சுமுறுக்கோடு போகும். ஒன்றும் இல்லாத நாளில் ஒரு கை சர்க்கரை, அதுவும் இல்லையென்றால் முருங்கைக்கீரை. இப்படியே போய்வந்து கடைசியில் தூக்குவாளி யாருடையது என்பதே இரண்டு வீட்டுக்கும் மறந்துவிட்டது. ஒருநாள் கவிழ்த்துப் பார்த்தால், நத்தத்துக்கு எப்போதோ குடிபோய்விட்ட யாரோ ஒருவரின் பெயர் அதில் வெட்டியிருந்தது. அதற்கு அடுத்த வாரமும் அது கஞ்சியோடு வந்தது.

அம்மாவைப் பட்டிக்காட்டு மனுஷி என்று நினைத்துவிட வேண்டாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறுகளில் எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைக்கும்வரை, திண்டுக்கல்லின் பாதி நல்லது கெட்டது அவர் காது வழியாகத்தான் வெளியூர் போனது. இங்கிலீஷும் அந்த அளவுக்கு வரும், அந்த வேலைக்கு வேண்டிய அளவுக்கு.

நான் இங்கே ஒரு டிராவல் ஏஜென்சியில் கப்பல் பயணங்கள் விற்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த தொண்ணூறுகளின் கடைசியில் சொகுசுக் கப்பல் என்றால் மத்தியதரைக்கடல், கரீபியன் என்று சுற்றிக்கொண்டிருந்தவைதான் அதிகம். இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்தப் பக்கமெல்லாம் பணக்காரர்களுக்குச் சலித்துவிட்டது. கப்பல்கள் ஆள் இல்லாத கடலைத் தேடிக்கொண்டு உலகத்தின் அடிப்பகுதிக்கு, எங்கள் பக்கம் வர ஆரம்பித்தன. கூடவே 'ஆல் இன்குளூசிவ்' என்ற மந்திரமும் வந்தது. சாப்பாடு, மது, கரைக்குப் போகும் படகு, அறைப் பணியாளருக்கான டிப்ஸ் வரை எல்லாமே டிக்கெட்டில் சேர்த்தி. ஏறியபின் பயணி பைக்குள் கைவிடவே வேண்டாம் என்று ஒரு நாளைக்குப் பலமுறை போனில் சொல்வேன். சொல்லிச் சொல்லி நானே அதை நம்பியும் இருந்தேன்.

அப்படி வந்த புதுக் கப்பல் ஒன்று, தெற்குத் தீவின் ஃபியார்டுகளை, அதாவது மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்த இடுக்குகளைச் சுற்றும் தன் பயணத்தில் ஏஜென்ட்டுகளுக்குச் சில அறைகளைச் சல்லிசாகக் கொடுத்தது. மனைவி மெர்சிக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை. அம்மாவை அழைத்துப் போனேன். உள்ளே ஒரு கணக்கும் இருந்தது. அப்பா போனபிறகு அம்மா தனியாக இருக்கிறார். எங்களோடே நிரந்தரமாக இருக்க விசாவுக்கு எழுதிப்போடலாம், அவர் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மெர்சி கேட்டுப் பார்த்தாள், நான் கேட்டுப் பார்த்தேன். 'பாப்போம்' என்பதைத் தாண்டி அம்மா வாயிலிருந்து எதையும் பிடுங்க முடியவில்லை. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று குடத்தோடு நிற்காத, சிலிண்டருக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்காத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று ஒரு வாரம் காட்டிவிட்டால் போதும், மனசு இளகிவிடும் என்று நினைத்தேன்.

முதல் நாள் மாலை எங்கள் அறைப் பணியாளர் ஜோயல் டீயும் கேக்கும் கொண்டுவந்தான். பிலிப்பைன்ஸ்காரப் பையன், வெள்ளிமூடி போட்ட தட்டு. அம்மா பணம் எடுக்கப் போனார். எல்லாம் டிக்கெட்டிலேயே சேர்த்தி என்றேன்.

"இந்தப் பையனுக்கு?"

"அதுவும் சேத்தாச்சும்மா."

ஜோயல் தட்டை எடுத்துப்போன பிறகுதான், என் வீட்டு அடுப்பில் சுட்டு டப்பாவில் கொண்டுவந்த அச்சுமுறுக்கில் நாலைந்து குறைந்திருந்ததைக் கவனித்தேன்.

மறுநாள் கதவு தட்டப்பட்டது. ஜோயலுக்குப் பின்னால் உயரத் தொப்பி வைத்த தலைமைச் சமையல்காரர் நின்றார். ஐரோப்பியர், முகத்தில் ஆபரேஷன் முடித்துவந்த டாக்டரின் கவலை. திரும்பிவந்த தட்டில் அச்சுமுறுக்கைப் பார்த்த சமையலறை, இந்த அம்மையார் தனக்கு வேண்டியதை மாதிரி காட்டி அனுப்பியிருக்கிறார் என்று முடிவு செய்திருந்தது. இது அவர்களுடைய பதில். அச்சுமுறுக்கு மாதிரியே ஒன்று, மேலே சர்க்கரைப் பொடி, ஓரத்தில் சிவப்பாக ஏதோ பழச்சாறு.

அம்மா கடித்துப் பார்த்து, "வெரி நைஸ், சார்" என்றார். அவர் போனதும் என்னிடம், "உப்பே போடல. ஆனா பாவம், மெனக்கெட்டிருக்கான். இத எப்படிப்பா வெறுமன திருப்பி விடுறது?" என்றார். அந்தத் தட்டில் அதிரசம் போனது.

அங்கே ஆரம்பித்தது போட்டி. விருந்தாளி வாய்திறந்து கேட்பதற்குமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது கப்பலின் கொள்கை. கொடுத்ததைச் சும்மா விடக்கூடாது என்பது மேட்டுப்பட்டியின் கொள்கை. அதிரசத்துக்குப் பதில் தேன் கேக் வந்தது. தேன் கேக் தட்டில் மிக்சர் போனது. மிக்சருக்குப் பாலாடைக்கட்டி வந்தது. அம்மாவின் டப்பாக்கள் காலியாகிக்கொண்டே வந்தன, கப்பலின் சரக்கறை காலியாகிற வழியைக் காணோம். ஒருகட்டத்தில் அம்மா கப்பல் கொடுத்த பழக்கூடையிலிருந்தே ஆரஞ்சை எடுத்துக் கப்பலுக்கு வைத்தனுப்பினார். ஆரஞ்சில் ஏதோ குறை என்று அவர்கள் வேறு ஆரஞ்சு அனுப்பினார்கள்.

கையிருப்பு தீர்ந்ததும் அம்மா தட்டுகளைப் பிடித்துவைத்துக்கொண்டார். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே அடுக்கு ஏறியது. ஜோயல் பணிவாகக் கேட்டபோது, எக்ஸ்சேஞ்ச் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அதே குரலில், "பிளேட் என்கேஜ்டு. டிரை ஆஃப்டர் சம் டைம் பிளீஸ்" என்றார். எனக்கு உயிர் போய்வந்தது. நான் ஏஜென்ட் என்று கப்பலில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று மத்தியானமே விருந்தோம்பல் மேலாளர் அம்மையார் வந்துவிட்டார். கப்பலின் சேவையில் ஏதேனும் மனக்குறையா என்று கேட்டார். இல்லை, தட்டுகள் சீக்கிரம் வந்துவிடும் என்றேன். அவர் அதை நம்பாமல், மன்னிப்புக் கேட்கும் விதமாகப் பெரிய சாக்லேட் கோபுரம் ஒன்றை அனுப்பிவைத்தார். அம்மா கோபுரத்தைப் பார்க்கவில்லை, அதன் அடியைப் பார்த்தார்.

"இன்னொரு தட்டா" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கப்பல் ஃபியார்டுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, மழை, மலை உச்சியிலிருந்து கணக்கில்லாத அருவிகள். மேல்தளத்தில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த அம்மா, "இதுல ஒண்ணே ஒண்ணு சிறுமலையில இருந்து நம்ம ஊருக்குள்ள விழுந்தாப் போதும்" என்றார். நல்ல சமயம் என்று பேச்சை எடுத்தேன்.

"அம்மா, பேசாம எங்களோடயே இருந்துருங்க. விசாவ நான் பாத்துக்கறேன். நீங்க ஒரு துரும்ப அசைக்க வேணாம். வேளைக்குச் சாப்பாடு, மருந்து, சர்ச்சுக்குக் கார். உங்க கையில இருந்து எதுவும் போகாது."

சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. வாடிக்கையாளரிடம் போனில் பேசும் அதே குரல், அதே வரிசை.

"கப்பல் நல்லா இருக்குப்பா" என்றார் அம்மா. "ஒரு வாரத்துக்கு நல்லா இருக்கு."

"கப்பலப் பத்தியா கேட்டேன்?"

"உன் வீடும் நல்லாத்தான் இருக்கு. மெர்சி என்னைத் தாங்குறா. ஆனா காலம்பூரா தட்ட அடுக்கி வச்சுக்கிட்டு முழிக்கச் சொல்றியா?"

"உங்ககிட்ட யாரும்மா திருப்பிக் கேட்டா?"

"யாரும் கேக்கலையே, அதான் அப்பு கஷ்டமா இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. பெற்ற பிள்ளை வீட்டில் என்ன கொடுக்கல் வாங்கல் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை, பக்கத்தில் ஜெர்மானியர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய் மறுபக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றேன், அழுதது தெரியாமல் இருக்க அது வசதியாக இருந்தது.

இறங்கும் நாள் காலையில் அம்மா தட்டுகளை எல்லாம் மேசையில் பரப்பி, தினமும் தலையணையில் வைத்துப்போன சாக்லேட்டுகளையும் அந்தக் கோபுரத்தை உடைத்த துண்டுகளையும் தட்டுக்குக் கொஞ்சமாகப் பங்கு வைத்தார். ஜோயல் வந்து பார்த்துச் சிரித்துவிட்டான். தன் ஊரிலும் தட்டு வெறுமனே திரும்பாது என்றான். முறுக்கும் ஆரஞ்சும் மட்டும்தான் சமையலறைக்குப் போயினவாம். அதிரசமும் மிக்சரும் கீழே பணியாளர் அறையில் அவனும் நண்பர்களும் தின்றுவிட்டார்கள், இதற்கு அனுமதியில்லை, தயவுசெய்து சொல்லிவிட வேண்டாம் என்றான். நான் மொழிபெயர்த்தேன்.

"அதான பாத்தேன்" என்றார் அம்மா. அந்த வாரத்திலேயே அப்போதுதான் அவர் முகம் முழுக்கச் சிரித்தது.

அடுத்த மாதம் ஊருக்குப் போய்விட்டார். விசா பேச்சை நானும் எடுக்கவில்லை.

மறுவருடம் நான் திண்டுக்கல் போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டன் சுக்கா, எலும்பு ரசம், இரண்டு வெஞ்சனம். அம்மா தனக்கு எவர்சில்வர் தட்டை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு பீங்கான் தட்டு வைத்தார். சர்ச்சின் பங்குச் சாமியார் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்தால் மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும் தட்டு அது. போதும் போதும் என்று கையால் மறைக்க மறைக்கப் பரிமாறினார். சாப்பிட்டு முடித்து இரண்டு தட்டையும் கழுவ எடுத்தேன். அம்மா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"வையி அப்பு. வந்த எடத்துல நீ எதுக்குத் தட்டக் கழுவிக்கிட்டு. போயி செத்த நேரம் படு."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. மிக இயல்பாக, பிரியமாகச் சொன்னார். நான் கையாவது கழுவலாம் என்று கொல்லைப்பக்கம் போனேன். குழாய் இருந்த இடத்தில் சிமென்ட் பூசியிருந்தது.

"கொழாய முன்பக்கம் மாத்தியாச்சுப்பா" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஒனக்குத் தெரியாதுல்ல, இரு, நான் வந்து காட்டுறேன்."

சோறு காய்ந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் வரும்வரை அங்கேயே நின்றேன்.