அத்தான் கூப்பிடுகிற சத்தம்

அக்காவைக் கூப்பிடவென்று அத்தானுக்கு நான் செய்த முதல் பொத்தான் விரலால் அமத்துவதற்கு. அதைச் சரிக்கட்டி எடுத்துக்கொண்டு பண்ணைப் பாலம் தாண்டி மண்கும்பானில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது விரல் ஓய்ந்துவிட்டிருந்தது. அடுத்ததைத் தாடைக்குச் செய்தேன், தாடையும் ஓய்ந்தது. நரம்பு வருத்தம் அது. தசைகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு போகும், அறிவை மட்டும் தொடாது. எப்போதும் என்னைவிட ஒரு தசை முன்னால் போய்க்கொண்டிருந்தது. மின்னணுவியல் படித்தவன் என்று ஊரில் எனக்கொரு பெயர் உண்டு. அதைக் கேட்டால் இப்போது எரிச்சல்தான் வருகிறது.

கடைசியில் புருவம் மிஞ்சியது. அதில் ஒட்டுகிற சின்ன உணரி ஒன்று செய்தேன். திரையில் சொற்கள் ஒவ்வொன்றாக வெளிச்சமாகும். வேண்டிய சொல் வரும்போது அத்தான் புருவத்தை உயர்த்தினால் கருவி அதைச் சத்தமாகச் சொல்லும். உப்புக்காற்றில் கம்பி பச்சை பிடித்து அடிக்கடி பழுதாகும், நானும் அடிக்கடி போவேன். முதலில் போட்டது கணினிக் குரல். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று செய்தி வாசிக்கிற மாதிரி அது சொன்னதும் அக்கா சிரித்துவிட்டாள்.

"ஆரடா இது, வீட்டுக்குள்ளை வந்து நிண்டு கட்டளை போடுறது?"

அத்தானின் சொந்தக் குரலை யாரும் பதிந்து வைத்திருக்கவில்லை. கலியாண வீடியோவில்கூட மனிசன் வாய் திறக்கவில்லை. அதனால் அவருடைய தம்பியைப் பிடித்தேன். இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனவர்கள், குரலும் ஏறக்குறைய ஒன்று. தண்ணி, நோகுது, திருப்பி விடும், நுளம்பு கடிக்குது, எல்லாவற்றையும் போனில் சொல்லிப் பதிந்து தந்தான். கடைசிச் சொல்லுக்கு வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டான்.

அந்தச் சொல் "இஞ்சாரும்". இங்கே பாரும் என்பதுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் புருசன் பெண்சாதியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. அக்காவை அத்தான் அப்படித்தான் கூப்பிடுவார், கூப்பிட்டால் அவள் திரும்புவாள்.

"மச்சான், அதை நான் மச்சாளுக்குச் சொல்லக் கூடாது. அது அண்ணை கூப்பிடுறது" என்றான் அத்தானின் தம்பி.

"மெசினுக்குத்தானே சொல்லுறீர்?" என்று சினந்தேன். பிறகு கெஞ்சினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு ஒருமாதிரிச் சொல்லி முடித்தான்.

அன்று பின்னேரம் அக்கா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் புருவத்தை உயர்த்தினார். "இஞ்சாரும்" என்றது கருவி. அக்கா திடுக்கிட்டு எழும்பி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து வாசலைப் பார்த்தாள். கட்டிலைப் பார்க்கவில்லை. அதை அத்தான் கண்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்தச் சொல்லைத் தொடவேயில்லை. அதற்குப் பதிலாகக் கருவியில் மணிச் சத்தம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன், அதையும் தொடவில்லை. எறும்பு கடித்தாலும், தலை தலையணையிலிருந்து சரிந்து மூச்சு முட்டினாலும் அக்கா தானாக வரும்வரை அப்படியே கிடந்தார். எனக்கு அவரில் கோபம் கோபமாக வந்தது. அசையாத ஒரு மனிசனோடு கோபித்து என்ன செய்வது?

"போனைத் தா, நான் சொல்லுறன்" என்றாள் அக்கா ஒருநாள். ஒருத்தி தன்னைத் தானே கூப்பிடுவதா என்று எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அவள் குரலைத் தாழ்த்தி, அவர் கூப்பிடுவதைப் போலவே இழுத்துச் சொன்னாள். அத்தான் கூப்பிடத் தொடங்கினார். தண்ணிக்குக் கூப்பிட்டார், யன்னலைச் சாத்தக் கூப்பிட்டார். சிலவேளை ஓடி வந்து பார்த்துவிட்டு, "ஒண்டுமில்லையாம், சும்மாதானாம்" என்று சிரித்துக்கொண்டு திரும்பிப் போவாள். அந்தக் கொஞ்ச நாள் நான் உண்மையிலேயே சந்தோசமாக இருந்தேன்.

மாரி தொடங்க, புருவமும் நின்றது. நெற்றித் தோல் சிவக்கும்வரை உணரியைக் கழற்றிக் கழற்றி ஒட்டினேன். பழுது கம்பியில் இல்லை. கண்ணைப் பின்தொடர்கிற கமரா ஒன்று வைத்துப் பார்த்தேன். இமை பாதிக்கு மேல் சரிந்திருந்ததால் அதற்குக் கண்மணி பிடிபடவில்லை. செய்ய வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

கருவியைக் கழற்றப் போனபோது அக்கா மறித்தாள்.

"தம்பி, அதைத் தன்பாட்டிலை இடைக்கிடை கூப்பிட வைக்க ஏலுமோ?"

"அவர் கூப்பிடாமல் அதெப்படி அக்கா?"

"அவர் கூப்பிடுறார்தானே. மெசினுக்குத்தான் விளங்கேல்லை."

அத்தானுக்கு எல்லாம் கேட்கும். கட்டிலருகே குனிந்து, "செய்யட்டோ அத்தான்? ஓம் எண்டால் கண்ணை மூடுங்கோ" என்றேன். கனநேரம் கழித்து இமை விழுந்தது. அது ஓமா, களைப்பா, எனக்கு விளங்கவில்லை.

"ஓம் எண்டுறார்" என்றாள் அக்கா.

மடிக்கணினியைத் திறந்தேன். சின்ன வேலை, உடனே முடிந்துவிட்டது. அந்த வீட்டுக்கு நான் செய்து கொடுத்தவற்றில் ஒருநாளும் பழுதாகாதது அது ஒன்றுதான்.