முதுகு காட்டிய தந்தையின் வசனம்

பாரூர் உழவர் குடும்பத்தில் பிறந்து, ஓசூர்த் தொழிற்சாலையொன்றில் தரம் பார்க்கும் சுஜாதா, ஜப்பானில் பயிற்சி பெறுவதற்கான நேர்காணலுக்காக ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடரை ஆங்கிலத்தில் பார்த்துத் தயாரானாள். அதில் எல்லோரும் ஓயாமல் பேசினார்கள். தானும் அப்படியே பேச வேண்டும் என்று முடிவு செய்தாள்.

உடன் வேலை செய்யும் பிரேம்குமார், மதிய உணவின்போது அதே தொடரை ஜப்பானிய மொழியில் காட்டினான். மகளை ரயிலேற்றும் தந்தை, ஆங்கிலத்தில், “உன்னால் எனக்குப் பெருமை” என்பார். மூலத்திலோ ரயில் சத்தம் மட்டுமே கேட்டது.

“இந்த வசனத்த யாருடா சேர்த்தது?”

“சும்மா நின்னா வெளிநாட்டுக்காரன் சேனல மாத்திருவான்க்கா. முதுகு காட்டி நிக்கிறாரு பாருங்க, வாய் தெரியாது. எத வேணாலும் பேச வெச்சிரலாம்.”

சுஜாதாவுக்கு ஆர்வம் பற்றிக்கொண்டது. ஒரு வாரம் இரண்டு மொழிகளிலும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஆங்கிலத்தில் பேசிய பாதி இடங்களில், மூலத்தில் யாருமே பேசவில்லை.

நேர்காணலில் ஜப்பானியப் பொறியாளர் விரிசல் விட்ட உதிரிபாகம் ஒன்றை நீட்டிக் காரணம் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. பேசாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

உடனிருந்த தொழிற்சாலை மேலாளர் பதறினார். “எதுனா சொல்லும்மா!”

“அறுத்துப் பார்த்தாத்தான் சார் தெரியும்” என்றாள் கடைசியில்.

மேலாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். பொறியாளர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அந்த முதுகுக்கு ஆங்கிலத்தில் என்ன வசனம் சேர்த்திருப்பார்கள் என்று சுஜாதா யோசித்தாள். அவர் திரும்பி, கையிலிருந்த பட்டியலில் அவள் பெயரை வட்டமிட்டுவிட்டு, அறுக்கும் இயந்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.