ரவுண்ட் ராக்கிலிருந்து ஹூஸ்டனுக்கு: தரை தொடும் பாவாடையும் நான் போட்ட மெயிலும்

ஏப்ரல் இரண்டாவது சனிக்கிழமை ஹூஸ்டன் போய்வந்தோம். என் மகள் இனியா பாலே ஆடுகிறாள். பதினான்கு வயது, ஏழு வருடப் பயிற்சி. டெக்சாஸில் நாங்கள் இருக்கும் ரவுண்ட் ராக்கில் அவள் கற்றுக்கொள்ளும் நடனப் பள்ளியும் வேறு இரண்டு ஊர்ப் பள்ளிகளும் சேர்ந்து, பாலே அரண்மனையில் பிறந்து இன்றைக்கு எங்கே வந்து நிற்கிறது என்பதை நான்கு பகுதிகளாக ஆடிக் காட்டினார்கள். இப்படிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் வழி, செலவு எல்லாம் கேட்டு எழுதுகிறீர்கள். அதனால் இந்தப் பதிவு. வழக்கமாக இங்கே சாப்பாட்டுப் பெருமை பேசுவேன். இந்த முறை சொல்ல வெட்கம்தான் இருக்கிறது, அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

இனியா வெள்ளிக்கிழமையே பள்ளி வேனில் போய்விட்டாள். நானும் மனைவி சுகந்தியும் சனி காலை எட்டரைக்குக் கிளம்பினோம். 130 டோல் ரோட்டைப் பிடித்து, மேனர் பக்கம் 290 நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் ஹூஸ்டன் வரை ஒரே ரோடு. வீட்டு வாசலிலிருந்து அரங்கம் வரை 168 மைல், நிற்காமல் போனால் இரண்டே முக்கால் மணி நேரம். வழியில் பிரென்ஹாம் ஊரில் நிறுத்துங்கள், கழிவறை சுத்தமாக இருக்கும். காபியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அங்கே காபி வாங்கும்போதுதான் சுகந்தி ஆரம்பித்தாள். "ஏனுங்க, கடைசில ஒருத்தரே தனியா ஆடற அந்த சோலோ தனக்குத்தான் வரும்னு இனியா இருந்தாளே? ஏன் மாத்தினாங்கன்னு இன்னும் எனக்குப் புரியலைங்க."

"டீச்சருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது?" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே சர்க்கரை போட்ட காபியில் இன்னும் இரண்டு பாக்கெட் பிரித்துக் கொட்டினேன்.

எனக்குத் தெரியும். முழுக்கத் தெரியாவிட்டாலும் பாதி தெரியும். போன வருட நிகழ்ச்சியின் போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருந்தேன். ஈரோட்டிலிருந்து என் அண்ணன், "புள்ள வளந்துட்டா, துணி மட்டும் வளரவே இல்லையாட்ட இருக்குது" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டார். அந்தப் பொம்மை என்னை ஆறு மாதம் தூங்கவிடவில்லை. ஜனவரியில் இந்த நிகழ்ச்சிக்கு ஆள் தேர்வு தொடங்கியதும் டீச்சருக்கு ஒரு மெயில் தட்டினேன். எங்கள் கலாச்சாரத்தில் இந்த வயதுப் பெண்ணின் கால் தெரிய உடுத்துவதில்லை, ஆட்டமும் அடக்கமாக இருந்தால் நல்லது என்று. சுகந்தியைக் கேட்கவில்லை. இனியாவைக் கேட்கவே இல்லை. அண்ணனுடைய ஒரு வரி கிண்டலுக்கு நான் வைத்த பெயர் கலாச்சாரம். "தெரியப்படுத்தியதற்கு நன்றி, பார்த்துக்கொள்கிறேன்" என்று டீச்சர் பதில் போட்டார். கூட ஒரு லெக்கின்ஸ் போடச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் இனியா வகுப்பிலிருந்து வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். கடைசி ஆட்டம் வேறு பெண்ணுக்குப் போய்விட்டது, தனக்கு முதல் பகுதியில் அரண்மனை நடனம் என்றாள். "ராஜகுமாரி வேஷம்டா கண்ணு, சூப்பர்!" என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். நம் மெயிலால்தானோ என்று அப்போதே ஒரு சந்தேகம் வந்தது. கேட்டால் தெரிந்துவிடும் என்பதால் கேட்கவில்லை.

பதினொன்று ஐம்பதுக்கு ஹூஸ்டன். கார் பார்க்கிங் 20 டாலர், டிக்கெட் ஆளுக்கு 28. அரங்கத்திலிருந்து நான்கு மைல் தள்ளி நம்மூர்ச் சாப்பாட்டுக் கடை ஒன்று, இருவருக்கும் சேர்த்து 34 டாலர், சாம்பார் பரவாயில்லை. இரண்டு மணிக்குச் சரியாகத் திரை தூக்கிவிட்டார்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் இடைவெளிவரை வெளியேதான் நிற்க வேண்டும்.

ஒவ்வொரு பகுதிக்கு முன்னாலும் டீச்சர் மேடைக்கு வந்து இரண்டு நிமிடம் பேசினார். பாலே இத்தாலி, பிரான்ஸ் அரண்மனைகளில் விருந்துக் கூத்தாகத் தொடங்கியதாம். பிரபுக்களே ஆடுவார்கள், ஒரு ராஜாவே ஆடியிருக்கிறார். பெண்களுக்குத் தரை பெருக்கும் பாவாடை, குதிகால் செருப்பு, தலையில் பாரம். இனியா அப்படித்தான் வந்தாள். ஊதா நிறத்தில், குடை கவிழ்த்தது போன்ற பாவாடை. செருப்பு நுனிகூடத் தெரியவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

இரண்டாம் பகுதிக்கு முன்னால் டீச்சர் சொன்னது கொஞ்சம் உறுத்தியது. அரண்மனையை விட்டுத் தொழில்முறை மேடைக்கு வந்த பிறகு, ஒரு பெண் தன் பாதவேலை ஊருக்குத் தெரியட்டும் என்று பாவாடையைக் கணுக்கால் வரை ஏற்றித் தைத்துக்கொண்டாளாம். அன்றைக்கு அது பெரிய வம்பு. பிறகு வெள்ளைத் துணியில் முழங்காலுக்குக் கீழே, கால்விரல் நுனியில் நின்று ஆடும் ஷூ. அப்புறம் ரஷ்யாவில் இடுப்பைச் சுற்றித் தட்டுப்போல விரிந்த குட்டைப் பாவாடை. கால் என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் துணி ஏறியது என்று முடித்தார். நான் நாற்காலியில் நெளிந்தேன்.

இடைவெளி இருபது நிமிடம். இனியா வேஷத்தோடு ஓடிவந்து எங்களோடு ஒரு போட்டோவுக்கு நின்றுவிட்டு உள்ளே போனாள். அதை உடனே குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். "மகாராணியாட்ட இருக்கறா" என்று அண்ணன் பதில் போட்டார். அதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் டீச்சர் எங்களிடம் வந்தார்.

அந்த உடை எங்களுக்குத் திருப்தியா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு, தயங்கித் தயங்கி, கடைசி சோலோவை இனியாவுக்காகத்தான் அமைத்ததாகச் சொன்னார். ஜனவரியில் அதற்கு உடை முடிவாகவில்லை, தரையில் புரளும் ஆட்டம் வேறு, உங்கள் மெயிலைப் பார்த்தபின் அவளை அதில் போட மனம் வரவில்லை, அவளிடம் காரணமும் சொல்லவில்லை என்றார். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

அவர் நகர்ந்ததும் சுகந்தி என்னைப் பார்த்தாள். "என்ன மெயிலுங்க?"

சொன்னேன்.

"எங்கிட்டகூடக் கேக்கோணும்னு தோணலையா?" என்றாள்.

கடைசிப் பகுதி இன்றைய பாலே. ஷூ இல்லை, கிரீடம் இல்லை. வெறுங்காலோடு ஒரு பெண் தனியாக வந்தாள். உருண்டாள், எழுந்தாள், விழுந்தாள். அவள் போட்டிருந்தது என்ன தெரியுமா? கணுக்கால் வரை தொளதொள பேன்ட், முழுக்கைச் சட்டை. நான் வீட்டில் போடும் பைஜாமாவைவிட அடக்கமான உடை. பக்கத்துச் சீட்டில் சுகந்தி பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அந்த இருட்டிலும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நாலரைக்கு மூவரும் கிளம்பினோம். இனியா பின்சீட்டில். திரும்பவும் பிரென்ஹாமில் நிறுத்தியபோது, என்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். திரும்பி நேராகப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. மெயில், அண்ணனுடைய கிண்டல், கதவுக்கு வெளியே நின்று ராஜகுமாரி என்றது, எல்லாவற்றையும்.

மெயில் என்றதுமே இனியா காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டிருந்தாள். "ஐ தாட் ஐ வாஸ் நாட் குட் இனஃப், அப்பா," என்றாள். "த்ரீ மந்த்ஸ்." அப்புறம் அழுதாள். மூன்று மாதம் என் பிள்ளை தனக்கு ஆட வரவில்லை என்று நம்பிக்கொண்டு வகுப்புக்குப் போய்வந்திருக்கிறாள், நானே காரில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். மீதி வழி ரேடியோகூடப் போடவில்லை.

இனி உங்களுக்கான குறிப்புகள். சீட்டை மாடியில் வாங்குங்கள், ஆட்டத்தின் அமைப்பு அங்கிருந்துதான் தெரியும். 290-இல் ஹூஸ்டனை நெருங்கும்போது கடைசி இருபது மைலுக்குக் கூடுதலாக அரைமணி வைத்துக்கொள்ளுங்கள். அரங்கத்துக்குள் குளிர் அதிகம், ஸ்வெட்டர் வேண்டும். டீச்சருக்கு மெயில் எழுதுவதாக இருந்தால் அனுப்புவதற்கு முன் பிள்ளையிடம் படித்துக் காட்டுங்கள். முந்தாநாள் நான் எழுதிய இரண்டாவது மெயிலை இனியாதான் திருத்தினாள். "கலாச்சாரம்" என்ற சொல் அதில் இல்லை. ஆகஸ்டில் அடுத்த தேர்வு.

அவளுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் இந்தப் பதிவையும் நேற்றுச் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். கன்னத்தில் கைவைத்து முழுக்கக் கேட்டாள்.

"பார்க்கிங் எவ்வளவுன்னு இருக்கு. சாம்பார்கூட இருக்கு," என்றாள். "ஹவ் டிட் ஐ டான்ஸ், அப்பா? அது எங்கே?"

பதிவில் மேலே கீழே தேடினேன். பாவாடை இருந்தது, ஊதா நிறம் இருந்தது. அவள் ஆடிய எட்டு நிமிடமும் நான் பார்த்தது அந்த ஓரத் தையலைத்தான்.

"கால் தெரியலையே, கண்ணு," என்றேன்.

"ஐ நோ," என்றாள். தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.