எலியில்லாத் தோட்டத்து அங்கம்மா

அங்கம்மாவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் தரையில் நின்றாள், நான் கதிரைமேல் நின்றேன். எங்கள் இருவருக்கும் நடுவில், வேறொருத்தி பிடித்துக்கொண்டுவந்த எலியோடு ஒரு கூடு இருந்தது. உள்ளேயிருந்த எலி ஆட்டுக்குட்டியளவு இருந்தது. பேரப்பிள்ளைகள் நம்ப மறுப்பதால் இப்போதெல்லாம் முயலளவு என்று குறைத்துச் சொல்லிக்கொள்கிறேன். அங்கம்மா அந்தக் கூட்டை ஒற்றை விரலில் மாட்டித் தூக்கி, "எறங்குங்க டீச்சர். அது ஒங்களப் பாத்து நடுங்கிக்கிட்டுக் கெடக்கு," என்றாள்.

வாழ்நாளெல்லாம் கண்டியில் பெண்பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பித்தவள் நான். எலியின் குடல், ஈரல், இருதயம் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டே கரும்பலகையில் வரைவேன். கண்ணைத் திறந்துகொண்டு, மீசை ஆட்டும் எலி ஒன்றை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்த வயதில் எனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டால், என் பழைய மாணவி ஜெஸீமாவைத்தான் கைகாட்ட வேண்டும். டொக்டராகி, ஆராய்ச்சிக்காரியாகி, காட்டெலிகளின் இரத்தத்தில் பக்டீரியா தேடிக்கொண்டிருந்தாள். எலிக்காய்ச்சல் ஊருக்கெல்லாம் தெரியும்; அது எலியின் மூத்திரத்தால் வருவது. இவள் தேடியது வேறு சாதி. எலியின் சிவப்பணுவுக்குள்ளேயே புகுந்து குடித்தனம் நடத்துகிற கிருமி. எலிக்கு அதனால் ஒரு தலைவலிகூட இல்லை, கொழுத்துத் திரியும். ஓர் எலியைக் கடித்த தெள்ளுப்பூச்சி இன்னோர் எலிக்குத் தாவும்போது கிருமியும் கூடவே பிரயாணம் போகும். தப்பித்தவறி மனிதரிடம் வந்து இறங்கினால் காய்ச்சல். சிலருக்கு இருதயம்வரை தொல்லை. காட்டோரத்து எலியில் எவ்வளவு, தேயிலைக்குள் எவ்வளவு, ஆள் குடியிருக்கும் இடத்தில் எவ்வளவு என்று பிரித்து அறிவதுதான் அவளுடைய வேலை. எந்த எலி எந்த இடத்தில் பிடிபட்டது என்பதுதான் அதற்கு உயிர்.

ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அனுமதி கிடைத்தது. பெண்களோடு பேசி வேலை வாங்க ஒரு ஆள் வேண்டுமென்றாள். நான் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

கூடு வைக்க மூன்று பெண்கள் வந்தார்கள். காட்டோரத்துப் பள்ளம் நல்லம்மாவுக்கு. தேயிலை மலை பாலம்மாவுக்கு. தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துப் பின்பக்கத் தோட்டங்கள் அங்கம்மாவுக்கு. கருவாட்டுத் துண்டையும் சுட்ட தேங்காயையும் உள்ளே கட்டி, மாலையில் கூட்டை வைத்து, காலையில் கொண்டுவர வேண்டும். கூலியை எப்படிக் கொடுப்பது என்று ஜெஸீமா யோசித்தபோது, எனக்கு அந்தப் பாழாய்ப்போன புத்தி வந்தது.

"தோட்டத்து முறையிலேயே கொடுப்போம்," என்றேன். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தவளுக்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். "எலிக்கும் அப்படியே. கூடு நிறைந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர்."

"எலி கொழுந்தில்லையே டீச்சர்," என்று ஜெஸீமா இழுத்தாள்.

நான் விடவில்லை. மக்களிடம் போனால் மக்களுடைய வழக்கத்தோடு போக வேண்டும் என்று தேநீர் ஆறும்வரை பேசினேன். மேடையும் மாலையும் மட்டும்தான் இல்லை.

அங்கம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் பிறந்தது அதே லயத்தில், வாழ்க்கைப்பட்டது நாலு காம்பரா தள்ளி; லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஓர் அறை. பதின்மூன்று பதினான்கு வயதில் கூடை தூக்கியவள். புருஷன் வீரையா பெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. மேலிடத்திலிருந்து ஒரு சொல் வந்தால் சொல்லி முடிப்பதற்குள் செய்துவிடுகிற மனிதர். அங்கம்மா எதையும் யோசித்துத்தான் செய்வாள், ஆனால் ஆரம்பித்ததை விடமாட்டாள். அவர்கள் காம்பராவுக்குப் பின்னால் வெறும் பாறைச்சரிவு. மலையிலிருந்து திரும்பும் ஒவ்வொரு மாலையும் பள்ளத்து மண்ணைச் சாக்கில் அள்ளித் தலையில் சுமந்து வந்து கொட்டிக் கொட்டி, அந்தப் பாறைமேல் ஒரு தோட்டம் உண்டாக்கியிருந்தாள். கம்பு ஊன்றிய போஞ்சி, லீக்ஸ், ஓரத்தில் ஆட்டுக்கொட்டில். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்த மண் அவ்வளவுதான். அதுவும் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கண்டுகொள்ளாமல் விட்டதால் இருந்தது.

அந்தத் தோட்டத்துக்குக் காவல் ஒரு சாம்பல் பூனை. மதில்மேல் உட்கார்ந்து அடுத்தவர் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருப்பதால் அதற்குக் கங்காணி என்று பேர் வைத்திருந்தாள்.

முதல் வாரம் அங்கம்மாவின் கூடுகள் வெறுமையாகவே வந்தன. நான் நியாயம் தவறாதவள் அல்லவா? அரைப்பேர் போட்டேன்.  அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். கொழுந்தெடுத்த காலமெல்லாம் ஒருநாள்கூட அரைப்பேர் வாங்காதவள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த வாரத்திலிருந்து அவளுடைய கூடுகள் நிறைந்து வந்தன. கொழுகொழுவென்று எலிகள்.

"பாத்தியா அங்கம்மா? கைப்பழக்கம் வந்திட்டுது," என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

"வந்துருச்சு போலங்க டீச்சர்," என்று கூட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஜெஸீமா எலிகளை மயக்கி, ஆளுக்கொரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவிக் கண்டிக்குக் கொண்டுபோனாள். நான் கதிரைமேல் நின்றபடி மேற்பார்வை செய்தேன். பிறகு பெரிய கடதாசியில் தோட்டத்துப் படம் கீறி, காட்டுக்குப் பச்சை, தேயிலைக்கு மஞ்சள், லயத்துக்கு நீலம் என்று வர்ணம் தீட்டினேன். முடிவு வந்தபோது நீலத்துக்குமேல் சிவப்புப் பொட்டாகக் குத்திக்கொண்டே போனேன். கிருமி இருந்த எலிகளில் முக்கால்வாசி அங்கம்மாவின் தோட்டத்து எலிகள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெட்கம்தான், ஆனால் அதுதான் உண்மை. ஒரு கிழவி கண்டுபிடித்த, உலகத்திலேயே பெரிய கண்டுபிடிப்பு! ஜெஸீமா "இன்னொருக்கா சரிபார்ப்போம் டீச்சர், முடிவு ஒரு மாதிரி ஈக்கி" என்று தன் வீட்டுப் பேச்சில் சொல்லச் சொல்ல, நான் படத்தைச் சுருட்டிக்கொண்டு துரையின் பங்களா விறாந்தைக்குப் போய், குச்சி ஒன்றால் தட்டித் தட்டி விளக்கினேன். துரை சிங்களத்திலும் ஆங்கிலத்திலுமாக நன்றி சொன்னார், கேக் கொடுத்தார். மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை சுந்தரலிங்கம் கட்டளையை வாசித்தார். வெள்ளிக்கிழமைக்குள் அங்கம்மா தோட்டத்தைப் பிடுங்கி, கொட்டிலைக் கழற்றிவிட வேண்டும். நோய் பரப்பும் இடமாம்.

அந்தக் கேக் எனக்கு இன்னும் நெஞ்சில்தான் நிற்கிறது.

அங்கம்மா நேராக என்னிடம் வந்தாள். அழவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், எந் தோட்டத்துல எலி இல்ல."

"இல்லையா? நீதானே தினமும் கொண்டுவந்து தந்தாய்?"

"தந்தேன். ஆனா தோட்டத்துல எலி இல்ல."

"அப்ப எங்கேயிருந்து வந்தது?"

 "அத என்னால சொல்ல ஏலாது. ஒண்ணு செய்ங்க. நீங்களே வந்து ஒங்க கையால கூட்ட வைங்க. எங்க காம்பராவுலயே படுங்க. காலைல நீங்களே எடுங்க. அதுக்கப்புறம் தோட்டத்தப் புடுங்கச் சொன்னா நானே புடுங்குறேன்," என்றாள்.

எலியுள்ள வீட்டில் எலிக்கூட்டோடு படுப்பதென்றால்! மறுக்க ஒரு காரணம் தேடினேன். ஆஸ்த்மா என்றேன், மூட்டுவலி என்றேன். "ரெண்டுக்கும் எங்க வீட்டுக் கசாயம் நல்லதுங்க," என்று என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

மாலையில் என் கையாலேயே தோட்டத்தில் கூடுகளை வைத்தேன்; இரவு வீரையா தன் கட்டிலை எனக்குக் கொடுத்தார். சீலையைக் கால்விரல்வரை சுற்றிக்கொண்டு படுத்தேன். விடிந்து பார்க்கும்போது ஜெஸீமாவும் வந்து சேர்ந்திருந்தாள். நல்லம்மாவும் பாலம்மாவும் தங்கள் கூடுகளோடு வாசலில் நின்றார்கள். எல்லோரும் பின்பக்கம் போனோம்.

ஒரு கூட்டிலும் எலி இல்லை. ஒரு கூட்டின்மேல் கங்காணி குந்தியிருந்து, கம்பிக்குள் கைவிட்டுக் கருவாட்டை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் உறுமியது. வேலை நேரத்தில் தொந்தரவு செய்கிறோமாம்.

"இந்தப் பூனை ஈக்கிற எடத்தில எலி வருமா?" என்றாள் ஜெஸீமா. "அப்ப அந்த எலியெல்லாம் எங்கத்தயது, அங்கம்மா?"

"எலிக்குக் காலு இல்லீங்களா டொக்டரம்மா? எங்கயிருந்தாவது வந்திருக்கும்."

"வந்து, கூட்டுக்குள்ள வரிசையா படுத்துக்கொண்டதா?"

அங்கம்மா போஞ்சிக்கொடியைச் சரிசெய்யத் தொடங்கினாள்.  வேலியோரம் நின்ற நல்லம்மா தன் கூட்டைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

"எதுக்கு அக்கா நீ மென்னு முழுங்குற? நாந்தாங்க போட்டேன். பள்ளத்துல எலி ஏராளமா விழுது. எனக்கு முழுப்பேரு விழுந்ததுக்கு அப்புறம் மிச்சத்த வச்சுக்கிட்டு நான் என்னா கொழம்பா வைக்கப் போறேன்? அக்காவுக்கு அரைப்பேரு போட்டாங்களே, அத பாக்கச் சகிக்கல. அவ கூட்டுல கொட்டுனேன்."

"ஏய், வாய மூடுடி!" என்றாள் அங்கம்மா. "கணக்கப்பிள்ள காதுல விழுந்தா ஒன் பேர வெட்டிருவாரு."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மலையில் அப்படித்தான். கொழுந்து மிஞ்சியவள், நிறுவைக்கு முன்னால், குறைந்தவளுடைய கூடைக்குள் ஒரு கை அள்ளிப் போடுவாள். நாளைக்கு இவளுக்குக் குறைந்தால் அவள் போடுவாள். கணக்கப்பிள்ளை கண்ணில் பட்டால் இருவருக்கும் பேர் வெட்டு. அதனால் யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. தோட்டமே போனாலும் அங்கம்மா வாய் திறக்காததற்குக் காரணம் அதுதான். வழக்கத்தில் பாதியை நான் பெருமையாக இறக்குமதி செய்தேன். மற்றப் பாதியை அவர்கள் கேட்காமலே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

"நானும் ரெண்டு போட்டேன்," என்றாள் பாலம்மா, தன்னை மட்டும் விட்டுவிட்டார்களே என்கிற குரலில்.

"அல்லாஹ்வே!" என்று ஜெஸீமா கல்லில் உட்கார்ந்துவிட்டாள். காட்டோரத்து எலியும் தேயிலை எலியும் லயத்து எலியாகக் கலந்து, ஒரு மாத இரத்தம் வீணாகியிருந்தது. என்னுடைய படத்தில் வர்ணம் மட்டும்தான் உண்மை. அவள் என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் நான் அவளைப் பார்த்த அதே பார்வை. "எலி கொழுந்தில்லை என்று செல்லித்தானே ஈக்கி, டீச்சர்?"

"மறுபடி பிடிப்போம்," என்றேன். "இந்த முறை எலி விழுந்தாலும் விழாவிட்டாலும் எல்லாருக்கும் முழுப்பேர். வெறுங்கூடும் ஒரு முடிவுதான்."

"அது சரி. தொரைக்கு யாரு போய்ச் சொல்றது?" என்று கேட்டாள் அங்கம்மா.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கங்காணிகூட.

அன்றே போனேன். அங்கம்மாவும் துணைக்கு வந்தாள். வழியெல்லாம் அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்: "நல்லம்மா பேரு வராம சொல்லுவீங்களா?" சொல்வேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பங்களா விறாந்தை ஏறும்வரை எப்படிச் சொல்வதென்று எனக்கே தெரியாது. துரை வந்து கேக்குக்குக் கை காட்டினார். நான் வாயைத் திறந்தேன். கதை தானாகவே வந்தது.

இரத்தம் எடுக்கும்போது ஓர் எலி கூட்டைத் திறந்துகொண்டு என் மடியில் பாய்ந்ததாகவும், நான் மயங்கி மேசையோடு விழுந்ததாகவும், எல்லாக் கூட்டு எலியும் கண்ணாடித் துண்டுகளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டதாகவும், மானம் போகுமென்று கைக்கு வந்தபடி பிரித்து வைத்துவிட்டதாகவும் சொன்னேன். அங்கம்மா தோட்டத்தில் எலியே இல்லை என்பதை மட்டும் ஜெஸீமா கையெழுத்திட்டு உறுதி சொல்வாள் என்றேன். துரை ஏதாவது சந்தேகம் கேட்பார், சமாளிக்க வேண்டும் என்று கதைக்குள் பாயவிட இன்னும் இரண்டு எலிகளைத் தயாராக வைத்திருந்தேன். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரக்கத்தோடு தலையை ஆட்டினார். இந்த வயதில் இப்படியான வேலைக்கு வரக்கூடாது என்றார். தோட்டத்தைப் பிடுங்க வேண்டியதில்லை என்று கணக்கப்பிள்ளைக்குச் சொல்லியனுப்பினார். என் வாழ்நாளில் நான் சொன்ன கதைகளில் யாரும் இவ்வளவு சுலபமாக நம்பிய கதை வேறில்லை.

திரும்பி வரும்போது அங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தாள். வளைவு தாண்டியதும் சிரிப்பு வெடித்தது.

"டீச்சர், அந்த மயக்கம் போட்ட எடம் இருக்கே, அது மட்டும் பொய்யாவே தெரியலீங்க."

"நட, நட," என்றேன்.

லயத்துப் பின்பக்கம் வந்தோம். அங்கே வீரையா வியர்வை வழிய நின்றார். போஞ்சிக் கம்புகளில் பாதியைப் பிடுங்கிக் கட்டாகக் கட்டி வைத்திருந்தார். கொடிகள் தரையில் கிடந்தன.

"வெள்ளிக்கிழமைன்னாங்க. அதான் இப்பவே ஆரம்பிச்சுட்டேன்," என்றார், பாராட்டை எதிர்பார்த்தவர்போல.

"ஒங்கள யாரு மனுசா இன்னைக்கே புடுங்கச் சொன்னது!" என்று அங்கம்மா தலையில் கைவைத்தாள். பிறகு கட்டை அவிழ்த்தாள். மண்ணில் ஒரு கம்பை ஊன்றி, கொடியை வருடித் தூக்கிச் சுற்றினாள். அடுத்ததை என்னிடம் நீட்டினாள். "நீங்க சும்மாதானே நிக்கிறீங்க. இதப் புடிங்க. நேரா."

பிடித்தேன். இருட்டும்வரை மூன்று பேருமாக ஊன்றினோம். அந்த வருஷம் அவளுடைய போஞ்சி நன்றாகக் காய்த்ததாம். நான் பிடித்த கம்புகள் மட்டும் அறுவடை முடியும்வரை பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்தே நின்றன என்று அங்கம்மா ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள்.